அசையாத சதுரம்

முதல் வரைபடத்தில்
எங்கள் வீட்டுக்குச் சுவரே இல்லை.
வீ கியாட், முப்பது வயது, கறுப்புச் சட்டை,
சிக்லாப்பில் இரண்டு வீடுகளுக்கு நடுவே
இருபதடி அகலத்தில் நெருக்குண்டு கிடந்த மனையை
ஒரே கோட்டில் திறந்துவிட்டார்.
முன்கதவில் நின்றால் பின்வேலி தெரியும்.
நடுவில், வானத்துக்கு ஒரு கிணறு.
மழை வீட்டுக்குள்ளேயே பெய்யும்,
பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்.

"அடுப்படியில் நின்றபடியே, மேடம்,
நீங்கள் எல்லாரையும் பார்க்கலாம்."
மகிழ்ந்து தலையாட்டினேன்.
எல்லாரும் என்னையும் பார்க்கலாம் என்பது
அந்தக் கோட்டின் மறுமுனையில் இருந்தது.

குணாளன் கேட்டது இரண்டு கார் நிற்க இடம்,
அவர் அப்பாவின் முழங்காலுக்கு ஒரு லிஃப்ட்.
தேவேஷுக்கு டிரம்ஸ் சத்தம் வெளியேறாத அறை.
யாழிசை, பதினான்கு வயது, கேட்டது ஒன்றுதான்:
உள்ளிருந்து பூட்டும் கதவு.
"உங்களுக்கு?"
மேற்கு வெயில் விழாமல் ஒரு மேசை, என்றேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாம் திருத்தத்தில்
மேசை படிக்கட்டுக்கு அடியில் ஒதுங்கியது.
மூன்றாவதில் சாப்பாட்டு மேசையோடு கலந்தது.
நான்காவதில் அந்த மூலைக்குப்
'பல்பயன் இடம்' என்று பெயர்.
அதற்குமேல் நான் தேடவில்லை.

ஒரு சதுரம் மட்டும் எந்தத் திருத்தத்திலும் அசையவில்லை.
தடித்த கறுப்புக் கோடு.
"கிச்சன்ல பாதியைத் தின்னுதே," என்றார் குணாளன்.
ஷெல்டர். குண்டு விழுந்தால் குடும்பம் ஒதுங்க.
இரும்புக் கதவு. ஜன்னல் கூடாது.
இடிக்கக் கூடாது, ஒரு விரல்கூட நகர்த்தக் கூடாது.
"சட்டம், சார்," என்று கையை விரித்தார் வீ கியாட்.
அழகான வீட்டின் நெற்றியில்
யாரோ வைத்த கரும்புள்ளி மாதிரி
அவருக்கு அதன்மேல் ஒரு வருத்தம்.

கான்கிரீட் ஊற்றிய நாளில் போயிருந்தேன்.
"இந்த ஒரு ரூமுக்குத்தான்க்கா இவ்வளவு கம்பி,"
என்றார் மேற்பார்வையாளர், காலணியில் சேறு.

இரண்டு வருடம்.
வீடு முடிவதற்குள்
அதைக் கேட்டவர்கள் மாறிவிட்டார்கள்.
டிரம்ஸை விற்றுவிட்டு முகாமுக்குப் போனான் தேவேஷ்.
மாமனாருக்கு லிஃப்ட்மேல் நம்பிக்கையில்லை,
கைப்பிடியைப் பற்றிப் படியிலேயே ஏறினார்.
பூட்ட முடியும் என்று தெரிந்ததும்
யாழிசை பூட்டுவதையே விட்டுவிட்டாள்.
வரைபடத்தில் யாருக்கும் வயதாவதில்லை.

நான் அடுப்படியில் நின்றேன்.
கிணற்றின் மேலிருந்து, "அம்மா, என்ன குழம்பு?"
சோபாவிலிருந்து, "என்ன யோசனை?"
வாசலில் பார்சல்காரர்கூட
கண்ணாடி வழியே கையசைத்தார்.
முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று
தெரியாத நாட்கள் சில இருந்தன.

ஒரு பிற்பகல் அரிசி எடுக்க ஷெல்டருக்குள் போனவள்
சும்மாதான்
கதவை இழுத்துச் சாத்தினேன்.
மழை நின்றது.
மழை நிற்கவில்லை, எனக்குக் கேட்கவில்லை.
கைப்பேசியில் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.
பெட்டிகள், தீபாவளி விளக்குச் சரம், அரிசி மூட்டை.
காற்றுத் துவாரத்தில் தோசை அளவு வெளிச்சம்.
மூட்டைமேல் உட்கார்ந்தேன்.
ஏழு நிமிடம்.
மூன்று மாடியும் ஏறியிறங்கித் தேடினாளாம் மகள்.

மறுநாள் ஒரு மடக்கு மேசை வாங்கினேன்.
அதன்மேல் இன்னும் எதுவும் வைக்கவில்லை.

போன வாரம் வீ கியாட் வந்தார்,
புகைப்படக்காரருடன், ஏதோ இதழுக்காக.
சோபா மெத்தைகளைத் தட்டிவிட்டார்கள்,
செருப்புகளை ஒளித்தார்கள்,
கிணற்றில் விழும் வெயிலுக்காகக் காத்திருந்தார்கள்.
பிறகு அடுப்படிப் பக்கம் குரல் வந்தது:
"இந்த இரும்புக் கதவை மூடிவிடலாமா?
படத்தில் உறுத்துகிறது."

"மூடுங்கள்," என்றேன்,
உள்ளேயிருந்து.